ஆடியோகிராமோடு நிறுத்திவிடாதீர்கள்: காது வைத்தியம் பார்ப்போருக்கும் ஆய்வு செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்

காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும், ஆடியாலஜிஸ்டுகளுக்கும், காது கேட்கும் கருவி பொருத்துவோருக்கும், செவித்திறன் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

"சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல." செவித்திறன் குறைந்து வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான். பதிலுக்கு நாம் தருவது ஆடியோகிராம் என்ற ஒரு தாள். அமைதியான அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சில தூய ஒலிகளை எழுப்பி, எவ்வளவு மெல்லியது வரை காதில் விழுகிறது என்று குறித்த தாள். வந்தவர் கேட்டது இரைச்சலுக்கு நடுவே பேச்சு ஏன் புரியவில்லை என்று. நாம் அளந்தது வேறொன்றை. காதுச் சிகிச்சையில் இன்று நடக்கும் பிழைகளில் பல, தெரியாததால் நடப்பவை அல்ல. அளக்கக் கூடியதை அளக்காமல் விடுவதால் நடப்பவை. அவற்றில் சிலவற்றை அளவுகளோடு எழுதவே இந்த மடல்.

உட்செவியில் நத்தைச் சுருள் போல இருக்கும் காக்ளியா ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3500 உள் மயிர்ச்செல்களும் 12,000 வெளி மயிர்ச்செல்களும் இருக்கின்றன. வெளிச் செல்கள் நீண்டு சுருங்கி ஒலியைப் பெருக்கிக் கொடுப்பவை. மூளைக்குச் செய்தி அனுப்புபவை உள் செல்கள். ஆடியோகிராமில் இறங்கித் தெரிவது பெரும்பாலும் வெளிச் செல்களின் இழப்பு. உள் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் அறுந்தால் அந்தக் கோடு அசையாமல் இருந்துவிடலாம். 2009-இல் ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் காட்டியது இதுதான்: இரண்டு மணி நேர இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் வரம்பு சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பியது, ஆனால் காக்ளியாவின் சில பகுதிகளில் பாதியளவு இணைப்புகள் திரும்பவே இல்லை. மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. ஆனால், "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒருவரைத் திருப்பி அனுப்ப அந்தத் தாள் போதாது என்பதில் விவாதம் இல்லை.

ஆகவே முதல் வேண்டுகோள்: இரைச்சலில் பேச்சுச் சோதனையைக் கூடுதல் சோதனையாக அல்லாமல் முதல் சோதனைகளில் ஒன்றாக வையுங்கள். முறை எளிது. வாக்கியங்களைத் தெளிவாகக் கேட்கும் உரப்பில் ஒலிக்கவிட்டு, பின்னணிப் பேச்சிரைச்சலை 5 டெசிபல் படிகளில் கூட்ட வேண்டும். பேச்சு 25 டெசிபல் மேலோங்கி இருக்கும் நிலையில் தொடங்கி இரண்டும் சமமாகும் வரை ஆறு வாக்கியங்கள். வாக்கியத்துக்கு ஐந்து முக்கியச் சொற்கள். சொற்களில் பாதியைப் பிடிக்க ஒருவருக்குப் பேச்சு எவ்வளவு மேலோங்கி இருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். நல்ல காதுக்குச் சுமார் 2 டெசிபல் போதும். அதைவிட 7 டெசிபலுக்கு மேல் கூடுதலாக ஒருவருக்குத் தேவைப்பட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் காதில் இருக்கும் மைக் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. பேசுபவர் சட்டையில் மாட்டும் தொலை மைக்கைப் பற்றி அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். 15 டெசிபலுக்கு மேல் என்றால் அது இல்லாமல் கூட்டத்தில் எதுவும் பிடிபடாது. இதைச் சொல்லாமல் கருவியைக் கொடுத்தால், அது இரண்டாம் மாதமே அலமாரிக்குப் போய்விடும். பேச்சுச் சோதனைக்கான வாக்கியங்கள் நோயாளியின் தாய்மொழியில் இருந்தாக வேண்டும். அப்படி ஒரு பட்டியல் இல்லாத மொழிகளுக்கு எண்களை வைத்துச் செய்யும் சோதனை நல்ல மாற்று. ஒலிப்பதிவு செய்வதும் எளிது, எழுத்தறிவும் தேவையில்லை.

ஆடியோகிராமின் மீதே ஒரு குறை உண்டு. மறைப்பு இரைச்சல் (ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது கேட்டுவிடாமல் அதற்குக் கொடுக்கும் இரைச்சல்) போடாமல் எடுத்த தாள்கள் இன்னும் வருகின்றன. சாதாரண ஹெட்போனில் ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி 40 டெசிபலைத் தாண்டினாலே மண்டையோட்டின் வழியாக மறு காதுக்கு எட்டத் தொடங்கலாம். காதுக்குள் செருகும் வகையில் இந்த வரம்பு 55 டெசிபல் அளவுக்கு உயரும். காதின் பின்னெலும்பில் வைக்கும் எலும்பு வழி அதிர்வியில் அந்தப் பாதுகாப்பே கிடையாது, பூஜ்ஜியம். இப்போது இடது காது முழுக்கச் செத்துப்போன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மறைப்பு போடாவிட்டால் காற்று வழியில் வலது காது கேட்டதெல்லாம் இடது காதின் கணக்கில் ஏறி, 50-60 டெசிபல் குறைபாடு போலத் தெரியும். எலும்பு வழியிலோ வலது காது நன்றாகவே கேட்பதால் "நார்மல்" என்று வரும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. பார்ப்பவர் நடுச்செவியின் அங்கவடி எலும்பு இறுகிவிட்டது என்று முடிவு செய்து, செத்த காதுக்கு அறுவைக்கு நாள் குறிப்பார். மறைப்பு இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டி, தொடர்ந்து மூன்று படிகளிலாவது வரம்பு அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டபிறகே அந்த எண்ணை எழுத வேண்டும். தாளில் மறைத்ததற்கான குறியீடு இல்லையென்றால் மருத்துவர் அதைத் திருப்பி அனுப்பட்டும்.

அதே பொறியைப் பிடிக்க 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவை) ஒன்று போதும். தட்டி நெற்றி நடுவில் வைத்தால், கடத்தல் குறைபாடு (வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ ஒலி தடைபடுவது) உள்ள காதின் பக்கம் ஒலி சாயும். நரம்புக் குறைபாடானால் (உட்செவியிலோ நரம்பிலோ கோளாறு) நல்ல காதின் பக்கம் சாயும். தாள் ஒன்று சொல்லி இசைக்கவை வேறொன்று சொன்னால், முதலில் தாளைச் சந்தேகியுங்கள்.

இசைக்கவையின் பெரிய பயன் திடீர்க் கேளாமையில். அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலுக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்குள் ஏற்படும் இழப்பு இது. "காலையில் எழுந்தேன், காது அடைச்ச மாதிரி இருந்தது" என்றுதான் வருவார்கள். அதைக் கேட்டதும் சளியென்றும் குரும்பியென்றும் எண்ணி மூக்குச் சொட்டு எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொல்வதுதான் வழக்கமான தவறு. காதுக்குள் பார்த்துச் செவிப்பறை தெளிவாக இருந்து, இசைக்கவை நல்ல காதின் பக்கம் சாய்ந்தால் அன்றே ஆடியோகிராம் எடுக்க வேண்டும். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம், நாளுக்கு அதிகபட்சம் 60 மில்லிகிராம் என்பது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். ஸ்டீராய்டுக்கான சான்று நாம் விரும்பும் அளவுக்கு வலுவாக இல்லை. தானாகவே தேறுபவர்களும் கணிசம். ஆனால் அளவைக் கூட்டுவதில் பயனில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது: 2023-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் உயர் அளவு ஸ்டீராய்டு, 60 மில்லிகிராமை விட எந்த விதத்திலும் மேலாக நிற்கவில்லை. ரத்த நாளத்தை விரிக்கும் மருந்தும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வழக்கமாகச் சேர்க்கத் தேவையில்லை. தேறாதவர்களுக்கு 2 முதல் 6 வாரத்துக்குள் நடுச்செவிக்குள் ஸ்டீராய்டு ஊசி: 0.4 முதல் 0.8 மில்லிலிட்டர் வரை செலுத்தி, அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்கவைத்து, கால் மணி முதல் அரை மணி வரை எச்சில் விழுங்காமல் இருக்கச் சொல்ல வேண்டும். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். இந்தச் சின்ன அறிவுரையை விட்டுவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று எழுதுவதில் பொருளில்லை. எம்ஆர்ஐ பார்த்து நரம்புக் கட்டி இல்லை என்று உறுதி செய்வதையும், காது தேறியவர்களிடத்திலும்கூட, தவிர்க்கக் கூடாது.

இனி கருவி பொருத்துவது. இங்கேதான் அளக்காமல் விடுவது அன்றாட வழக்கமாகிவிட்டது. ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றி, கருவியைத் தானாக அமைக்கும் "ஃபர்ஸ்ட் ஃபிட்" பொத்தானை அழுத்தி, "நல்லா கேக்குதா?" என்று கேட்டு, தலையாட்டியதும் பில் போட்டுவிடுகிறார்கள். திரையில் தெரியும் வளைகோடு அந்த மென்பொருளின் ஊகமே. ஒரு சராசரிக் காதுக்கு இவ்வளவு ஒலி போகும் என்ற கணக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதுக்குழாய் நீளமாக இருக்கலாம், காதுக்குள் பொருந்தும் அச்சில் கசிவு இருக்கலாம், முன்பு அறுவை நடந்த குழியாக இருக்கலாம். செவிப்பறை அருகே உண்மையில் அளந்து பார்த்தால், 3000-4000 ஹெர்ட்ஸ் பகுதியில் வேண்டிய அளவைவிட 10 டெசிபல் குறைந்து நிற்பது சாதாரணம். ச, ஸ போன்ற மெய்களின் தெளிவில் பெரும்பகுதி இந்த உயர் அலைவரிசைகளில்தான் இருக்கிறது. "சத்தம் கேக்குது, புரியல" என்று வந்தவர் கருவி மாட்டியபிறகும் அதையே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் காதுக்குள் பாருங்கள். குரும்பி இருந்தால் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆய்வுக்குழாயின் (செவிப்பறை அருகே உள்ள ஒலியை அளக்கும் மைக்குக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய்) நுனியில் குரும்பி ஒட்டினால் அளவு முழுக்கப் பொய்யாகிவிடும். குழாயை அளவீட்டுத் திருத்தம் செய்தபின், நுனியிலிருந்து பெண்களுக்கு 28, ஆண்களுக்கு 31 மில்லிமீட்டர் அளவில் குறியிட்டு, அந்தக் குறி காதின் கீழ்ப் பள்ளத்தில் வந்து நிற்கும்வரை மெல்லச் செலுத்துங்கள். நுனி செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளி நின்றால் 4000-க்கு மேல் உள்ள அளவுகள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து நீங்கள் தேவையில்லாமல் ஒலியைக் கூட்டுவீர்கள். குழாய் நகராமல் கருவியை மாட்டி, ஒலிபெருக்கிக்கு நேரே அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தூரத்தில் உட்காரவைத்து, பேச்சு போன்ற ஒலியை 65 டெசிபலில் ஒலிக்கவிடுங்கள். ஆறு மொழிகளில் 21 பெண்கள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த ஐஎஸ்டிஎஸ் ஒலி இதற்கென்றே செய்தது. ஒரு சொல்லும் புரியாது, ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். என்ஏஎல் என்எல்2 அல்லது டிஎஸ்எல் (குறைபாட்டுக்கு ஏற்ப எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரங்கள்) தரும் இலக்குக் கோட்டோடு ஒப்பிட்டு, 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை 5 டெசிபலுக்குள்ளும், 3000-4000-இல் 8 டெசிபலுக்குள்ளும் கொண்டுவாருங்கள். பிறகு 55-இலும் 75 அல்லது 80-இலும் ஒருமுறை: மெல்லிய பேச்சு எட்டுகிறதா, உரத்த பேச்சு சகிக்க முடிகிறதா? கடைசியாக உச்ச ஒலியைச் சோதித்து, கண் சிமிட்டவைக்கும் அளவுக்குப் போனால் உச்சவரம்பைக் குறையுங்கள். மொத்த ஒலியையும் குறைத்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் குழப்புவதால் கெடும் பொருத்தங்கள் அதிகம்.

காதுக்குழாயை முழுக்க அடைக்காத திறந்த வகை டோம் (மென்மையான நுனி) போட்டிருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. காதிலிருந்து கசியும் ஒலி வெளியே உள்ள ஒப்பீட்டு மைக்கை எட்டி, எந்திரம் ஒலிபெருக்கியின் அளவைத் தானாகவே குறைத்துவிடும். கருவியை ஒலியடக்கி வைத்துச் சேமித்த அளவீட்டுத் திருத்தத்தைத்தான் இங்கே பயன்படுத்த வேண்டும். இரண்டு காதுக்கும் சேர்த்து இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியை மிச்சம் பிடித்தால், நாலு தடவை "சரிபண்ண" வரும் நேரமாக அது திரும்பி வந்து சேரும்.

"கீச்சென்று இருக்கிறது" என்று முதல் நாளில் எல்லோரும் சொல்வார்கள். பல ஆண்டுகளாக மூளைக்குப் போகாத ஒலி அது. உடனே உயர் அலைவரிசையை வெட்டினால் அவர் சிரித்துக்கொண்டே போவார், பேச்சு மட்டும் புரியாது. இலக்குக்குச் சற்றுக் கீழே தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதைக் கருவியே பதிந்து வைத்திருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் மாட்டியவரிடம் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஏன் மாட்டவில்லை என்று கேட்பது மேல். பெரும்பாலும் பதில் சில்லறையாக இருக்கும்: குரும்பித் தடுப்பு அடைத்திருக்கும், அச்சு உறுத்தும், துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த கையோடு போட்டிருப்பார். காற்று உள்ளே போக ஓரிரு நிமிடமாவது விட வேண்டும். ஒருமுறை உரித்துவிட்டால் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு சொல். கைக்குழந்தையின் காதுக்குழாய் சிறியது. அதே கருவி அதே அமைப்பில் பெரியவர் காதில் தருவதைவிடப் பல டெசிபல் கூடுதலாக அங்கே தரும். காதுக்கும் 2 சிசி பெட்டிக்கும் (காதுக்குப் பதிலாகக் கருவியை மாட்டி அளக்கும் சிறு அறை) உள்ள வித்தியாசத்தை அந்தக் குழந்தையிடமே அளந்து, மீதிச் சரிபார்ப்பைப் பெட்டியிலேயே முடித்துக்கொள்ளலாம், குழந்தை தூங்கலாம். காது வளர்ந்து புது அச்சு மாற்றும் ஒவ்வொரு தடவையும் மறுபடி அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 226 ஹெர்ட்ஸில் டிம்பனோமெட்ரி (காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை) எடுத்தால், குழாயின் சுவரே இளகி அசைவதால் நடுச்செவியில் நீர் இருந்தும் இயல்பு போல் காட்டும். 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

பிறந்த குழந்தைச் சோதனையில் ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஆனால் ஓஏஇ (காதுக்குள் ஒலி கொடுத்து, உட்செவி திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் சோதனை) மட்டும் வைத்து "பாஸ்" போடும் இடங்களில் ஒரு கூட்டமே கைநழுவிப் போகிறது. ஓஏஇ சோதிப்பது வெளி மயிர்ச்செல்களை. அவை நன்றாக இருந்து, உள் செல்லிலோ நரம்பிலோ கோளாறு இருந்தால் ஓஏஇ பாஸ் ஆகும், ஏபிஆர் (ஒலிக்குக் கேட்கும் நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலை) வராது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்குத் தானியங்கி ஏபிஆர் கட்டாயம். சோதனையில் தேறாத குழந்தைக்கு 21 நாளுக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ சைட்டோமெகலோ வைரஸ் பாருங்கள். அந்தக் கெடு கடந்துவிட்டால் தொற்று கருவில் வந்ததா பிறந்தபின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மருந்து தொடங்கும் காலமும் நழுவும். மூளையுறை அழற்சியிலிருந்து (மெனிஞ்சைட்டிஸ்) தேறிய குழந்தைக்குக் காத்திருப்பே ஆகாது. காக்ளியாவுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளரத் தொடங்கலாம். வளர்ந்தபின் காக்ளியர் இம்பிளாண்டின் (அறுவையால் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டும் கருவி) மின்முனையை உள்ளே செலுத்துவது மிகக் கடினம்.

ஆய்வாளர்களே, மேலே சொன்ன ஓஏஇ விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான். 2024 ஜனவரியில் ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வில், ஓட்டோஃபெர்லின் (உள் செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தி போக உதவும் புரதம்) மரபணுக் குறை உள்ள ஆறு குழந்தைகளில், மரபணுச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. ஏபிஆர் வரம்பு 40 முதல் 57 டெசிபல் வரை மேம்பட்டது. மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதி ஏறத்தாழ 6000 எழுத்து நீளம், சுமந்து செல்லும் வைரஸின் கொள்ளளவு 4700 எழுத்துதான். அதனால் இரண்டாகப் பிரித்து இரண்டு வைரஸில் ஏற்றி, செல்லுக்குள் ஒன்றுசேர வைத்தார்கள். அபாரமான வேலை. ஆனால் ஓட்டோஃபெர்லின் குறை உள்ள குழந்தைக்கு வெளிச் செல்கள் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். அதாவது ஓஏஇ சோதனையில் அது பாஸ் ஆகிவிடும்! எந்தக் குழந்தைக்கு மருந்து கண்டுபிடித்தோமோ அந்தக் குழந்தையைத்தான் நம் சோதனை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. சிகிச்சை ஆய்வுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு, கண்டுபிடிக்கும் சோதனைக்கும் போகட்டும்.

மயிர்ச்செல்லை மறுபடி முளைக்க வைக்கும் முயற்சியிலும் அளவீடுதான் காலை வாருகிறது. பறவைக்கு அவை திரும்ப முளைக்கும் என்று 1988-இல் தெரிந்தது, பாலூட்டிக்கு முளைப்பதில்லை. நடுச்செவி வழியாகச் செலுத்தி, துணைச் செல்களைத் தூண்டிவிடும் எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து, முதல் சிறு ஆய்வில் சிலருக்குச் சொல் அடையாளம் கூடியதாகக் காட்டி பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. 2023 பிப்ரவரியில் வெளியான 2பி எனும் இடைக்கட்ட ஆய்வில் போலி மருந்திலிருந்து வேறுபடவில்லை. சிறு எண்ணிக்கையில் சொல் பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்று 1978-லேயே ஆய்வாளர்கள் தார்ன்டனும் ராஃபினும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 25 சொல் பட்டியலில் 80 விழுக்காடு எடுத்தவர், காதில் எந்த மாற்றமும் இல்லாமலேயே மறுமுறை 56 எடுக்கலாம், 96-உம் எடுக்கலாம். 50 சொல் வைத்தாலும் 64 முதல் 92 வரை. எனவே 50 சொல்லுக்குக் குறையாத பட்டியல், மருந்துக்கு முன்பே இரண்டு அடிப்படை அளவீடு, ஒப்பீட்டுக் குழு ஆகிய மூன்றும் இல்லாத "முன்னேற்றத்தை" செய்தியாளர்களிடம் கொண்டுபோகாதீர்கள். அடுத்த நாளே அந்தச் செய்தித்துண்டோடு எங்கள் அறைகளுக்கு ஆள் வருவார். கருவி வேண்டாம், மருந்து வரட்டும் என்பார்.

கேளாமைக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக் கருவி விற்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். 2023-இல் லான்செட்டில் வந்த அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை கருவி பெற்றோர், பெறாதோர் என்று பிரித்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மொத்தக் குழுவில் அறிவுத்திறன் சரிவில் வேறுபாடு இல்லை. ஆபத்துக் கூறுகள் மிகுந்திருந்த உட்குழுவில் சரிவு 48 விழுக்காடு மெதுவானது. இரண்டு வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை. பின்வரியை மட்டும் விளம்பரப் பலகையில் எழுதுவது முறையன்று.

இதற்கு நேர்மாறாக, உறுதியான சான்று இருந்தும் பரவலாக எட்டாதவை உண்டு. காதைக் கெடுக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைகளுக்கு, அது முடிந்து ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால், கேளாமை 63-இலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது என்று 2018-இல் வெளியானது. பரவாத கட்டிகளுக்கு 2022-இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. புற்றுநோய் மருத்துவரோடு காது மருத்துவர் பேசினால்தான் இது நடக்கும். காக்ளியர் இம்பிளாண்டும் அப்படியே. நல்ல காதின் சராசரி 60 டெசிபலோ அதற்கு மேலோ இருந்து, சொல் மதிப்பெண் 60 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள் என்ற எளிய விதி 2020 முதல் இருக்கிறது. அதற்கு முதலில் சொல் மதிப்பெண்ணை எடுத்திருக்க வேண்டும். வலுவான கருவி, அதைவிட வலுவான கருவி என்று பத்தாண்டு ஓட்டியபின் அனுப்பப்படுபவர்களின் கேட்கும் நரம்பு அத்தனை காலமும் சும்மா கிடந்திருக்கும்.

உங்கள் அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டிய தாளில், மறைப்புக் குறியோடு கூடிய ஆடியோகிராம், அமைதியில் சொல் மதிப்பெண்ணும் எத்தனை சொல் பட்டியல் என்பதும், இரைச்சலில் எத்தனை டெசிபல் தேவை என்பது, கருவி பொருத்தியிருந்தால் காதுக்குள் அளந்த கோடும் இலக்குக் கோடும், அளந்த தேதி, எந்திரம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி ஆகியவை அச்சாகி இருக்கட்டும். அடுத்து பார்ப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நோயாளி வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செவி அளவீட்டிலும் கருவிப் பொருத்தத்திலும் பணிசெய்வோர்